பெரிய தட்டு சரிந்த திங்கட்கிழமை

திங்கட்கிழமை எங்கள் ஊரில் யாருக்கும் முடி வெட்ட ஆள் கிடைக்காது. என் சலூனுக்கும் எதிர்வரிசையில் இருக்கும் கினுயோவின் அழகு நிலையத்துக்கும் அன்றுதான் விடுமுறை. மற்ற ஆறு நாளும் எதிராளியின் கடைக்குள் யார் நுழைகிறார்கள் என்று நானும் அவளும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்போம். ஏழாவது நாள் கம்பிவடத்தில் தொங்கிப் போகும் ஒரே கோண்டோலாப் பெட்டியில் ஏறி மலை உச்சிக்குப் போவோம். பள்ளியில் ஒரே வகுப்பு. பனியில் சறுக்கும் ஸ்கீ பழகியதும் ஒன்றாகத்தான். என் மனைவிக்குப் பனி என்பது கூரையிலிருந்து வாரித் தள்ள வேண்டிய ஒரு தொல்லை, அவ்வளவுதான். கினுயோவின் கணவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆக இருபது வருடமாக எனக்குத் திங்கட்கிழமைக் கூட்டாளி அவள், அவளுக்கு நான்.

அந்தப் பிப்ரவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடாமல் பனி கொட்டியது. கூடவே காற்று. வாடிக்கையாளர்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கூடைப் பனி உள்ளே வந்து விழுந்தது. திங்கள் காலை எழுந்து பார்த்தால் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவைதான் எங்களுக்கு அப்படி ஒரு வானம் கிடைக்கும். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் நகரத்துக்காரர்களுக்குப் போய்விடும். வேலை நாளில் வந்தால் எங்களுக்கு.

கோண்டோலாவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நாங்கள் ஏறுவதற்குள் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி திரண்டிருந்தது. அதற்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகி, கினுயோவின் முகம்கூட வெளுத்துப்போனது. பிறகு ஒரே நொடியில் பெட்டி மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. கீழே ஆற்றங்கரை, ஊர், ரயில் பாதை எதுவுமே இல்லை. மேகம்தான் தரை. அதிலிருந்து மலைகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றன. மரங்கள் ஒவ்வொன்றும் காற்றடித்த பக்கமாக உறைபனியைப் பூசிக்கொண்டு, கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டவர்கள்போல் இருந்தன.

"குனி, இன்னிக்கு யாராவது அவசரமா முடி வெட்டணும்னு போன் பண்ணா நான் செத்துட்டேன்னு சொல்லிடு" என்றாள் கினுயோ. குனி என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"சொல்றேன். அப்படியே உன் ஆளுங்களை எங்க கடைக்கு வரச் சொல்றேன்."

"நீ வெட்டினா அவங்க செத்துருவாங்க."

உச்சிக்குப் பின்பக்கம் ஒரு பெரிய சரிவு உண்டு. மேலே அகன்று, நடுவில் குழிந்து, அடியில் காட்டுக்குள் இறங்கும். நாங்கள் அதைப் பெரிய தட்டு என்போம். அது ஸ்கீ மைதானத்தைச் சேர்ந்ததல்ல. மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் கிடையாது, பனியைச் சமன்படுத்தும் வண்டி போகாது. இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு சிவப்புக் கயிறு, அதுதான் வாசல். மைதானத்து ரோந்துக்காரர்கள் பனி பத்திரமா என்று காலையில் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தால், பெயரைக் கொடுத்துவிட்டு அவரவர் பொறுப்பில் இறங்கலாம். மூன்று நாள் பனி, மேலே வெயில், ஒருவர் தடம்கூட இல்லாத பெரிய தட்டு. இதற்காகத்தான் நாங்கள் வருடம் பூராவும் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்பது மணிக்கு முன்பே வாசலுக்குப் போய்விட்டோம். கயிறு கட்டியே இருந்தது. அதற்கு முன்னால் சிவப்புச் சட்டையில் சிகுசா நின்றாள்.

சிகுசா எங்கள் ஊர் ரோந்துப் பெண். முப்பத்து நான்கு வயது. தலைமுடியை ஆண்பிள்ளைபோல் ஒட்ட வெட்டிக்கொள்வாள். அதற்கு என் கடைக்குத்தான் வருவாள். கினுயோவுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. சிகுசா அதிகம் பேச மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தால், "போன மாதம் மாதிரியே" என்பாள், கண்ணை மூடிக்கொள்வாள்.

"இன்னும் தொறக்கல" என்றாள்.

"ஏன்?"

"பனி சரியுமான்னு விடியறப்பவே குழி தோண்டிப் பார்த்தேன். புதுப் பனிக்கு அடியில சர்க்கரை மாதிரி ஒரு அடுக்கு இருக்கு. கையில எடுத்தா ஒட்டாம உதிருது. மேல இருக்கிறது அதைப் பிடிச்சிட்டு நிக்குதா இல்லையான்னு என்னால சொல்ல முடியல. பத்து மணிக்கு இன்னொரு குழி தோண்டுறேன். அப்புறம் சொல்றேன்."

எங்களோடு சேர்த்து ஏழு பேர் காத்திருந்தோம். இரவுப் பணி முடித்து வந்த இரண்டு நர்சுகள், ஒரு தீயணைப்பு வீரர், பக்கத்து ஊரிலிருந்து வந்த அண்ணன் தம்பி. மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

"சிகுசா, பன்னிரண்டு வருஷமா உன் தலையை நான்தான் வெட்டுறேன். உள்ளே ஒரு பிரச்சினையும் இல்ல, நல்ல மண்டை. அதைக் கொஞ்சம் உபயோகப்படுத்து. இந்தக் குளிருக்கு எது சரியும்?"

"வெயில் ஏறுது, சலூன்காரரே."

"வெயில் ஏறினாதான் பனி கெட்டுப்போயிடும். மத்தியானம் தொறந்தா யாருக்கு வேணும்? உங்க ஆபீஸ்காரங்க போய் வறுத்துச் சாப்பிடவா?"

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சிரித்தார்கள். அது எனக்கு இன்னும் தெம்பைக் கொடுத்தது.

"அடுத்த தடவை கடைக்கு வருவல்ல, அப்போ பேசிக்கிறேன். காதுகிட்ட கத்திரி வைக்கும்போது நானும் குழி தோண்டிப் பார்த்துட்டுத்தான் வெட்டுவேன்."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, சரிவின் ஓரமாக நடந்து போனாள். பத்து மணிக்கு அவள் மறுபடி குழி தோண்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். பனிக்குள் இடுப்புவரை இறங்கி நின்று, ஒரு தூணை வெட்டியெடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் வெயில் அடித்தது.

நான் கினுயோவிடம் குனிந்து, "அந்தப் பெரிய மரத்துக்கு அந்தாண்ட கயிறு இல்ல. அவ இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள நாம நழுவிடலாமா?" என்றேன். பாதி விளையாட்டு. பாதி இல்லை.

"நீ போ. நான் உன் வாடிக்கையாளருங்களை எடுத்துக்கறேன்" என்று சிரித்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, "கால் மரத்துப் போச்சு" என்று எங்கோ நகர்ந்துவிட்டாள்.

பத்து இருபத்தைந்துக்குச் சிகுசா திரும்பி வந்தாள். வாக்கி டாக்கியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நேராகக் கயிற்றைப் பார்த்துத்தான் வந்தாள். திறக்கத்தான் வருகிறாள் என்று அவள் நடையை வைத்து நினைத்துக்கொண்டேன். ஸ்கீயை மாட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு குரல், "ஏம்மா! சிவப்புச் சட்டை அம்மா!" என்றது.

கோண்டோலாவில் ஏறி, நடந்து பார்க்க வந்த தம்பதி அவர்கள். தெற்கே ககோஷிமாவிலிருந்து வந்திருந்தார்கள். அரிமுரா என்று பெயர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிடுகிறவர்கள் என்று பிறகு தெரிந்தது. அறுபத்தைந்து வயது இருக்கும். அந்த அம்மா வாடகை பூட்ஸில் தத்தித் தத்தி வந்தாள். கையில் ஒரு சின்ன நோட்டு, பென்சில், கையிடுக்கில் ஒரு குடை. கன்னமெல்லாம் ஈரம். அழுதிருக்கிறாள்.

"இந்த மலைங்களுக்கெல்லாம் பேர் இருக்குமில்ல? இவர்கிட்ட கேட்டா எல்லாம் ஃபுஜின்னு சொல்றாரு. பேர் தெரியாம இதையெல்லாம் பாத்துட்டுப் போறது மரியாதையா இல்ல. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அவள் கணவர் ஏதோ குற்றம் செய்தவர்போல் தொப்பியைக் கழற்றினார்.

சிகுசா கயிற்றைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினாள்.

"அதோ மூணு தலை சேர்ந்த மாதிரி இருக்கே, அது மியோகோ. அதுக்கு இந்தப் பக்கம் கூம்பா நிக்கிறது குரோஹிமே."

"மெதுவா, மெதுவா. குரோ..."

"குரோஹிமே. அடுத்தது ஈசுனா. பின்னாடி பல்லுப் பல்லா இருக்கு பாருங்க, அது தொகாகுஷி."

நான் பல்லைக் கடித்தேன். "ஏலம் விடுறா" என்றேன் பக்கத்தில் நின்ற தீயணைப்பு வீரரிடம். அவரும் தொகாகுஷியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நாட்டு வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் ஒரு சுவர்போல் நின்றது. சிகுசா ஒவ்வொரு சிகரமாகச் சொன்னாள். அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். தெற்கே அசாமா மெல்லிய புகையை விட்டுக்கொண்டிருந்தது. "எரிமலையா? எங்களோடது இதைவிடச் சுறுசுறுப்பு" என்றாள் அந்த அம்மா பெருமையாக. பிறகு வடக்கே திரும்பி, "அந்த வெள்ளிக் கோடு? அது மேகமா?" என்றாள்.

சிகுசா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். அவள் குரல் மாறியது.

"அது கடல்மா. அதுல நீலமா மிதக்குது பாருங்க, அது சாதோ தீவு. நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து இதோட நாலாவது தடவைதான் பார்க்கறேன்."

எல்லோரும் வடக்கே திரும்பினார்கள். நர்சுகள் இரண்டு பேரும் "அட!" என்றார்கள். நான் திரும்பவில்லை. எனக்குக் கடல் வேண்டாம். நான் பெரிய தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் அந்த முதல் நொடியைப் பார்த்தவன் நான் ஒருவனாக இருந்தேன்.

முதலில் ஒரு கோடு. சரிவின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, யாரோ பென்சிலால் இழுத்ததுபோல் ஓடியது. அது என்ன என்று எனக்குப் புரியவே இல்லை. அங்கே ஏன் நிழல் விழுகிறது என்று யோசித்தேன். கோட்டுக்குக் கீழே இருந்த மலை நகர்ந்தது. அவ்வளவு பெரியது நகரும்போது வேகமாக இருக்கும் என்று நினைப்போம். இல்லை. படுக்கையிலிருந்து விரிப்பை உருவுவதுபோல் நிதானமாக, சத்தமே இல்லாமல், முழுத் தட்டும் ஒன்றாக இறங்கியது. பிறகு அது பாளம் பாளமாக உடைந்தது. ஒவ்வொரு பாளமும் ஒரு வீடு அகலம். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, புரண்டு, தூளாகி எழும்பின. கீழே காட்டின் விளிம்பில் நின்ற மரங்கள் ஒரு தடவை ஆடின. அடுத்து அந்த இடத்தில் மரம் இல்லை.

அதன் பிறகுதான் சத்தம் வந்தது. காதில் கேட்டதைவிடக் காலில் கேட்டது. ஸ்கீ வழியாக முழங்காலுக்கு ஏறி வயிற்றில் வந்து நின்றது.

"எல்லாரும் பின்னாடி வாங்க! மரத்துகிட்ட!" என்று சிகுசா கத்தினாள்.

பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளைத் தூசி ஒன்று எழுந்தது. எங்கள் தலைக்கு மேலே, கோண்டோலா நிலையத்துக்கும் மேலே போய், அங்கே வெயிலில் ஒரு கணம் நின்றது. பின்பு எங்கள்மேல் மெதுவாக இறங்கியது. முகத்தில் ஆயிரம் ஊசி. வாயில் பனியின் உலோக ருசி. கண்ணைத் திறந்தால் காற்று முழுக்கப் பொடிப்பொடியாக மின்னியது. சூரியனைச் சுற்றி ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சின்னச் சூரியன்கள்போல வெளிச்சம். நான் மூச்சுவிட மறந்தேன் என்று சொன்னால் அது வழக்கமாகச் சொல்வதுபோல் ஆகிவிடும். உண்மையில் நான் வாயைத் திறந்துகொண்டு, இருமிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றேன்.

அந்த மினுமினுப்புக்கு நடுவே ஒரு குடை விரிந்திருந்தது. அரிமுரா அம்மா குடைக்குக் கீழே, கணவரையும் இழுத்து நிறுத்திக்கொண்டு, சிறிதும் பதறாமல் நின்றாள்.

"எங்க ஊர்ல எரிமலைச் சாம்பல் வந்தா இப்படித்தான் பிடிப்போம்" என்றாள். பிறகு மிகுந்த பணிவோடு, "ஏம்மா, இது இங்க தினமும் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் சிகுசா அப்போது எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். விரலை நீட்டி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஆறு. ஏழு பேர் இருந்தீங்க. யார் இல்ல?"

நான் திரும்பிப் பார்த்தேன். கினுயோ இல்லை.

அவள் எப்போது நகர்ந்தாள்? எந்தப் பக்கம் போனாள்? கால் மரத்துப்போச்சு என்றாள். அந்தப் பெரிய மரத்தின் பக்கமா? நழுவிடலாமா என்று கேட்டது யார்? நான். வாயிலிருந்து வந்தது என் குரல்தானா என்றே தெரியாமல், "கினுயோ! கினுயோ!" என்று கத்திக்கொண்டு கயிற்றைத் தாண்டப் போனேன். சிகுசா என் முதுகுப் பையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு மெலிந்த பெண்ணுக்கு அவ்வளவு பலம். இரண்டு பேரும் பனியில் விழுந்தோம்.

"மேல இன்னும் இருக்கு! அதுவும் வரும்! நில்லுங்க!"

"அவ உள்ளே இருக்கா! நான்தான் சொன்னேன், மரத்துப் பக்கமா போகலாம்னு நான்தான்..."

"என்ன கூச்சல்?"

கினுயோ உச்சியில் இருந்த ஓய்வுக் குடிலின் மூலையில் நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு காகிதக் குவளை, அவற்றிலிருந்து ஆவி. தலையிலும் தோளிலும் வெள்ளைத் தூசி. "கதவைத் திறந்தா ஒரே பனி. எங்கிருந்து இவ்வளவு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பெரிய தட்டு எங்கே?" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. பனியில் உட்கார்ந்தபடியே அழுதேன். ஐம்பத்தாறு வயதில் ஏழெட்டுப் பேர் முன்னால். அவள் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையுறையால் என் மூக்கைத் துடைத்தாள். "அசிங்கம்" என்றாள். ஆனால் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று இறங்கியதாகப் பெயர்ப் பட்டியலில் யாரும் இல்லை. என்றாலும் ரோந்துக்காரர்கள் நாயோடு ஓரமாக இறங்கித் தேடினார்கள். சிகுசா மேலேயே நின்று, வாக்கி டாக்கியில் ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவு தெரியும்வரை நானும் கினுயோவும் ஊருக்கு இறங்கவில்லை. மற்றவர்களும், அந்த ககோஷிமாத் தம்பதியும்கூடப் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, உள்ளே யாரும் இல்லை என்று உறுதியானது.

அதற்குப் பிறகுதான் சிகுசா உட்கார்ந்தாள். கினுயோ தன் பையிலிருந்து ஒரு சோற்று உருண்டையை எடுத்துக் கொடுத்தாள். சிகுசா அதை இரண்டு கையாலும் பிடித்தாள்.

நான் அவள் எதிரில் போய்த் தலையைக் குனிந்தேன். "காலையில நான் பேசினது தப்பு. அது சரியும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு, வேணும்னுதான் பேர் சொல்லி நேரம் கடத்தியிருக்க. எனக்குத் தெரியல" என்றேன்.

"அப்படி இல்ல, சலூன்காரரே."

"என்ன அப்படி இல்ல?"

அவள் சோற்று உருண்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பத்தரைக்குத் தொறக்கறதா முடிவு பண்ணிட்டேன். ஆபீசுக்கும் சொல்லிட்டேன். ரெண்டாவது குழி நல்லா இருந்துச்சு. மொதல் குழியவிட நல்லாவே இருந்துச்சு. கயித்தை அவுக்கத்தான் வந்துட்டிருந்தேன். அந்த அம்மா கூப்பிட்டாங்க."

"ஓ" என்றேன்.

"மியோகோ, குரோஹிமே மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் சாதோ தெரிஞ்சுது. அதைப் பாத்துட்டே நின்னுட்டேன். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்கல."

நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவன் நான். கத்திரிக்கோல் ஓடும் நேரமெல்லாம் வாயும் ஓடும். அன்றைக்கு அவள் பக்கத்தில் பனியில் உட்கார மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"சாப்பிடு" என்றாள் கினுயோ. "மொதல்ல சாப்பிடு."

சிகுசா ஒரு வாய் கடித்தாள். மென்று விழுங்கிவிட்டு, "ஊர்ல போய் எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்லிடாதீங்க. உங்க கடையில ஒரு தடவை சொன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள மாவட்டம் பூரா போயிடும்" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடியேதான் சொல்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது பிடிப்பதில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும், அடக்கத்தில் சொல்கிறாள் என்கிறார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் இல்லை என்கிறாள்.

புறப்படும் முன் கயிற்றருகே போய் நின்றேன். உடைந்த விளிம்பு எதிரே தெரிந்தது. இரண்டு ஆள் உயரச் சுவர், ஒரு மலையின் அகலத்துக்கு. வெயில் அதற்குள் புகுந்து வேறு பக்கம் வருவதுபோல், உள்ளே நீலம். அடுக்கடுக்காக இருந்தது. மேலே இந்த மூன்று நாள் பனி. அதற்குக் கீழே மயிரிழை தடிப்பில் சாம்பல் கோடு ஒன்று, அவள் சொன்ன சர்க்கரை அடுக்காக இருக்க வேண்டும். அதற்கும் கீழே ஜனவரியில் ஒருநாள் பெய்த மழை, உறைந்து கண்ணாடிபோல். அடியில் புத்தாண்டுக்கு விழுந்த பனி. அன்று கோயிலுக்குப் போகும் வழியில் நான் வழுக்கி விழுந்த அதே பனி. இந்தக் குளிர்காலத்தில் எங்கள்மேல் விழுந்தது எல்லாம் அங்கே வரிசையாக நின்றது. நான் அதன்மேல்தான் நூறு தடவை போயிருக்கிறேன். எதன்மேல் போகிறேன் என்று ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அரிமுரா அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். நோட்டைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, "இந்த இடத்துக்கு என்ன பேர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பெரிய தட்டு" என்றேன்.

எழுதிக்கொண்டாள். எழுத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு நானும் கினுயோவும் முன்பக்கத்து வழக்கமான சரிவில் இறங்கினோம். கீழே மேகம் கலைந்து, ஆறும் ரயில் பாதையும் ஊரின் கூரைகளும் தெரிந்தன. கினுயோ முன்னால் போனாள். அவள் போட்ட தடத்திலேயே நான் போனேன்.